மூன்று மீட்டர் நாற்பது

வாகீசன் இரவில் ஆஸ்பத்திரியில் விழித்திருப்பவன்.
பகலில் அவன் தூங்கவேண்டும்.
தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள்,
அடைபட்ட வண்டுபோல முரலும் பம்ப்.
"ஒண்டில் மீன் இருக்கட்டும், இல்லாட்டி நான்"
என்றான் ஒருநாள், சிரிக்காமல்.

ஆகவே சம்பை நிலவறைக்கு இறக்குவதென்று முடிவு.

பீல் நகரில், எங்கள் கட்டடத்துக்கு அடியில்
போருக்கென்று கட்டிய அறை ஒன்று இருக்கிறது.
போர் வராததால் அதற்குள்
பனிச்சறுக்குக் கட்டைகளும்
எக்லி அம்மாளின் ஆப்பிள் பெட்டிகளும்.
கதவு மட்டும் ஒரு சாண் தடிப்பு.
போர் வந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது
பனங்குற்றியும் மண்மூட்டையும்.
வாகீசன் நிலவறைக்கு இறங்குவதே இல்லை.
துணி காயப்போடுவதும் நான்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
அந்த அறையின் கூரையைத் துளைக்க
அனுமதி இல்லை என்பதைப் பற்றித்தான் பேசினோம்.
பக்கத்தில், துணி காயும் அறையில், துளைக்கலாம்.
கடிதம் வர ஆறு கிழமை.

ஆறு கிழமையும் நான் பம்ப் பார்த்தேன்.

பெட்டியில் எழுதியிருக்கும்: மணிக்கு ஐயாயிரம் லிட்டர்.
அருகிலேயே: உச்ச உயரம் மூன்றரை மீட்டர்.
தனித்தனியே இரண்டும் மெய்.
சேர்த்துப் படித்தால் பொய்.
ஐயாயிரம், ஏறவே வேண்டாத தண்ணீருக்கு.
மூன்றரை,
பம்ப் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தபடி
ஒரு சொட்டும் கொடுக்க முடியாமல் நிற்கும் இடம்.
தலைகீழாய் நின்று தண்ணீர் குடித்தாலும்
அதற்குமேல் ஒரு விரற்கடை இல்லை.

கடைக்கார ரெட்டோ வளைகோட்டுத் தாளை விரித்தான்.
நான் கடிகாரத் தொழிற்சாலையில்
பற்சக்கரங்களை லென்சுக்குள் வைத்துப் பார்ப்பவள்.
கோடு சரியத் தொடங்கும் இடத்தில்
சந்தேகப்படத் தெரியும்.

நிலத்திலிருந்து அளக்கவில்லை.
சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்பு வரை:
மூன்று மீட்டர் நாற்பது.
ஒவ்வொரு முழங்கை வளைவும் கொஞ்சம் குடிக்கும்.
ஒடுங்கிய குழாய் அதைவிட அதிகம் குடிக்கும்.
இருபத்தைந்தை விட்டு முப்பத்திரண்டு மில்லிமீட்டர்,
ஒரு முழு வளைவை விட்டு இரண்டு அரை வளைவு,
ஏழு மீட்டர் வரை தள்ளக்கூடிய பம்ப்,
எண்பத்தைந்து வாட்.
"மீனுக்கு மாசம் எவ்வளவு கரண்ட்?"
"மீனுக்கில்லை, உங்கட நித்திரைக்கு."

இன்னொரு கணக்கு, எந்தப் பெட்டியிலும் இல்லாதது:
கரண்ட் போனால், மேலே போனது கீழே வரும்.
வருவதற்கு இடம் விட்டிருக்கவேண்டும்.
நாற்பது லிட்டர் வெறுமையை
எந்நேரமும் சம்பில் காத்துவைத்திருக்கிறேன்.
தடுப்பு வால்வை நம்பவில்லை;
அது மூடாமல் போக ஒரு நத்தை போதும்.
மேலே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே
குழாயில் ஒரு சிறு துளை போட்டேன்.
காற்றைக் குடித்து, இறங்குவதை அது நிறுத்தும்.

சோதனை. அவன் மேலே தொட்டியடியில்,
நான் கீழே, போன் காதில்.
"இழுக்கட்டோ?"
"இழு."
செருகியைப் பிடுங்கினேன். தண்ணீர் வந்தது,
வந்தது,
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது.
சலவைக் கூடையோடு நின்ற எக்லி அம்மாள்
சம்பில் ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.
உப்பு.
ஒன்றும் கேட்கவில்லை.
அன்று மாலை தன் ஆப்பிள் பெட்டிகளை
ஒரு தட்டு உயர்த்தி வைத்தார்.

மறுநாள் நாலு மணிக்கு வேலையால் வந்தேன்.
வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.
கோமாளி மீன்கள் இரண்டும்
குழாய் வாயின் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன.
கட்டிலில் வாகீசன் இல்லை.

நிலவறையில், லைட் போடாமல்,
காலுறையோடு
கவிழ்த்த ஆப்பிள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.
"ஒரு சத்தமும் கேக்கேல்லை.
நிண்டுபோச்சோ எண்டு பார்க்க வந்தனான்."
ஒரு கை குழாய்மேல்.
"நீயும் வைச்சுப் பார்."

வைத்தேன். குளிர்ந்திருந்தது. மெல்ல அதிர்ந்தது.
ஏறிக்கொண்டுதான் இருந்தது.